அப்பப்பாவின் லாச்சியும் ஒட்டாவாவின் வரியும்

அப்பாவின் லாச்சியில் பத்துப் பெட்டி இருக்க வேணும். எட்டுத்தான் இருந்தது.

கடந்த ஓகஸ்டில் கொழும்பிலிருந்து திரும்பும்போது நான் வாங்கி வந்த கார்ட்டன் அது. பத்துப் பெட்டி, 200 சிகரெட். பழைய பெட்டி முடியட்டும் என்று அப்பா அதை உடைக்காமல் வைத்திருந்தார். ஒரு கிழமை கழித்து எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் கவனமாகத் திறந்திருந்தது.

"தம்பி, நீ ரண்டு பெட்டி எடுத்தனியோ?" என்று கேட்டார்.

நான் சிகரெட்டை விட்டுப் பதினாலு வருசம். அம்மாவும் மனைவியும் அந்த லாச்சிப் பக்கமே போவதில்லை. வீட்டில் மிச்சம் இருப்பது ஒரேயொரு ஆள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகன்.

மார்க்கத்தில் பிள்ளை வளர்க்கிற எல்லாரையும் போல எங்கள் வீட்டிலும் பெரிய கதையெல்லாம் காருக்குள்தான் நடக்கும். அடுத்த நாள் நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, 14ஆவது அவெனியூ சிக்னலில் நின்றபடி கேட்டேன். கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு சொன்னான், சிநேகிதர் இரண்டு பேரோடு பூங்காவில் பிடித்துப் பார்த்ததாக. ஏன் எடுத்தாய் என்று கேட்டேன்.

"வேப் வாங்கக் காசு காணாது அப்பா. ஒண்டு இருபது, முப்பது டொலர் சொல்றாங்கள். அப்பப்பாட இது ஃப்ரீதானே."

எனக்குக் கோபம் வந்திருக்க வேணும். வரவில்லை. வேறு ஒன்றுதான் மனதில் ஓடியது. வேப் வாங்காமல் இவனை இவ்வளவு நாளும் தடுத்தது நானும் இல்லை, பள்ளிக்கூடத்துப் பாடமும் இல்லை. விலை. அந்த விலையைத் தாண்டிப் போக ஒரு வழியைத் திறந்து வைத்தது நான்தான். சூட்கேசுக்குள் வைத்து, பத்தாயிரம் கிலோமீற்றருக்கு மேல் காவி வந்து, அவனுக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிற லாச்சியில் வைத்தேன்.

விலை பாதியான மாசி மாதம்

எனக்கும் பதினாலு வயதில் ஒரு சிகரெட் கதை இருக்கிறது. அதற்கு நாளும் உண்டு. 1994 பெப்ரவரி.

அப்போது நாங்கள் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். அப்பா கிழமை நாட்களில் தொழிற்சாலையில் இரவு வேலை, சனி ஞாயிறில் தெரிந்தவர் ஒருவரின் கொன்வீனியன்ஸ் கடையில் கல்லாப்பெட்டியில். 200 சிகரெட் கொண்ட கார்ட்டன் ஒன்று ஒன்ராறியோவில் கிட்டத்தட்ட 45 டொலர் விற்றது. குடிவந்து ஆறு வருசமான ஒரு குடும்பத்துக்கு அது பெரிய காசு. அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே அப்பாவைப் பேசுவார்.

அந்த மாதம் ஒரு நாள் அப்பா கடையிலிருந்து வந்து, "விலை பாதியாப் போட்டுது" என்று சந்தோசமாகச் சொன்னது எனக்கு நல்ல நினைவு.

என்ன நடந்தது என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் கனடா சிகரெட் வரியைத் தொடர்ந்து கூட்டியது. புகைபிடிக்கிறவர்கள் குறைந்து வந்தார்கள். ஆனால் பக்கத்தில் அமெரிக்காவில் விலை மிகக் குறைவு. கனடாவில் செய்த சிகரெட்டே ஏற்றுமதி என்ற பெயரில் வரியில்லாமல் அமெரிக்காவுக்குப் போய், கோர்ன்வோல் நகரத்துப் பக்கம் சென் லோரன்ஸ் ஆற்றைக் கடந்து திருட்டுத்தனமாகத் திரும்பி வந்தது. 1994 ஜனவரியில் கியூபெக்கில் கடைக்காரர்கள் சிலர் எதிர்ப்புக் காட்டுவதற்காகக் கடத்தல் சிகரெட்டை வெளிப்படையாகவே விற்றார்கள். பெப்ரவரி 8ஆம் திகதி பிரதமர் ஜோன் கிரெத்தியேன் வரியைக் குறைப்பதாக அறிவித்தார். கியூபெக், ஒன்ராறியோ, நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வேர்ட் தீவு ஆகிய மாகாணங்களும் தங்கள் வரியைக் குறைத்தன. மேற்கு மாகாணங்கள் குறைக்கவில்லை.

அந்தக் குறைப்பு எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முதல் பெரிய பெடியள் ஒரு சிகரெட்டை நாலு பேராகப் பங்கு போடுவார்கள். சின்னவர்களுக்குத் தரமாட்டார்கள். வசந்தம் வரும்போது ஆளுக்கொரு பெட்டி. "இந்தா, பிடி" என்று நீட்டினார்கள். நான் வீடு வீடாக விளம்பரத்தாள் போட்டு உழைத்த காசு அதற்குத் தாராளமாகக் கட்டியது. அதே வருசக் கடைசியில் ஒன்ராறியோ புதுச் சட்டம் கொண்டுவந்து வாங்கும் வயதை 19 ஆக்கியது. மருந்துக்கடைகளில் சிகரெட் விற்பதையும் நிறுத்தியது. நல்ல சட்டம்தான். ஆனால் அது வருவதற்குள் எனக்குப் பழகிவிட்டது. விட எடுத்தது பதினாறு வருசம்.

என் கதை ஒன்றை வைத்து வாதாட முடியாது. ஆனால் வரி குறைத்த மாகாணங்களையும் குறைக்காத மாகாணங்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1997இல் கனேடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. புகைபிடிக்கிறவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் குறைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வரி குறைத்த மாகாணங்களில் மெதுவாகத்தான் குறைந்தது. அங்கே புதிதாகத் தொடங்கியவர்கள் கூட, விட்டவர்கள் குறைவு. அந்தப் புதிதாகத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கடத்தலுக்குப் பின்னால் ஆர் நின்றார்கள் என்பதும் பிறகு வெளிவந்தது. 2008 ஜூலையில் இம்பீரியல் டொபாக்கோ கனடா, றொத்மன்ஸ் பென்சன் அன்ட் ஹெட்ஜஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களும் வரிச் சட்டத்தை மீறியதாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டன. அபராதமும் அரசுகளோடு செய்த உடன்பாடுகளும் சேர்த்து 100 கோடி டொலரைத் தாண்டியது. 2010இல் ஜேரிஐ மக்டொனால்ட் தரப்பும் 55 கோடி டொலருக்கு உடன்பட்டது. 'வரி கூடினால் கடத்தல் கூடும், ஆகவே வரியைக் குறையுங்கள்' என்ற வாதத்தை இன்றைக்கும் கேட்கிறோம். கேட்கும்போது இந்தக் கதையையும் சேர்த்து நினைக்க வேணும். கடத்தப்பட்ட சிகரெட்டைச் செய்து அனுப்பியவர்களில் பெரிய நிறுவனங்களே இருந்தன.

யாருடைய பையில் கடிக்கிறது?

இன்றைக்கு ஒரு பெட்டியில் வரி எவ்வளவு என்று எங்களில் பலர் பார்ப்பதில்லை. ஒன்ராறியோவின் வரி ஒரு சிகரெட்டுக்கு 18.475 சதம். 200 சிகரெட் கார்ட்டனுக்கு 36 டொலர் 95 சதம். 2018 மார்ச்சில் வைத்த அளவு இது. கூட்டாட்சி அரசின் வரியும் இப்போது கிட்டத்தட்ட அதே அளவு. அது 2018 முதல் ஒவ்வொரு வருசமும் விலைவாசிக்கு ஏற்பக் கூடுகிறது. அதற்கு மேலாக 2024 ஏப்ரலில் கார்ட்டனுக்கு 4 டொலர் கூட்டினார்கள். கடைசியில் இவை எல்லாவற்றுக்கும் மேல் 13 வீதம் எச்எஸ்ரி. 20 சிகரெட் கொண்ட ஒரு பெட்டியில் இந்த இரண்டு வரி மட்டுமே 7 டொலருக்கு மேல் வரும்.

இது வேலை செய்கிறதா? உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளைப் பார்த்துச் சொல்கிற கணக்கு இது: வசதியான நாடுகளில் விலை 10 வீதம் கூடினால் புகைத்தல் 4 வீதம் அளவில் குறையும், வறிய நாடுகளில் 5 வீதம் அளவில் குறையும். இளையோரிடம் இந்தக் குறைவு இன்னும் கூடுதல். காரணம் கேட்க ஆராய்ச்சியாளர் வேண்டாம். பிள்ளையிடம் இருக்கிற காசு கொஞ்சம், பழக்கம் இன்னும் பிடிக்கவில்லை. 'இந்தக் காசுக்கு வேற ஏதாவது வாங்கலாம்' என்று அவனால் திரும்பிப் போக முடியும். நாற்பது வருசம் பிடித்த அப்பாவால் அது முடியாது. அவர் சாப்பாட்டுக் காசைக் குறைத்தாவது வாங்குவார்.

வரி மட்டுமே எல்லாம் செய்யவில்லை என்பதும் உண்மை. 2006இல் ஒன்ராறியோவில் வேலைத்தலங்களுக்கும் உணவகங்களுக்கும் உள்ளே புகைப்பது நின்றது. 2008இல் கடைகளில் சிகரெட்டைக் கண்ணுக்குத் தெரிய அடுக்கி வைப்பது நின்றது. 2009இலிருந்து 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற காருக்குள் புகைக்க முடியாது. பெட்டியில் படம் போட்டு எச்சரிக்கும் சட்டத்தை உலகத்தில் முதலில் கொண்டுவந்ததும் கனடாதான். இப்போது ஒவ்வொரு சிகரெட்டிலும் 'ஒவ்வொரு இழுவையிலும் நஞ்சு' என்ற மாதிரி வசனம் அச்சடித்து வருகிறது. அதிலும் கனடாதான் முதல். 1965இல் இந்த நாட்டில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் புகைத்தார்கள். இன்றைக்குப் பத்துப் பேரில் ஒருவர் அளவில் வந்து நிற்கிறது.

நான் கொழும்பில் வாங்கி வந்த சிகரெட்டில் அந்த வசனம் இல்லை. மகன் எடுத்தது வெறும் வெள்ளைச் சிகரெட்.

"பொயிலைக் காசிலதான் படிச்சனான்"

அப்பாவின் பக்க நியாயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை அரைக் கட்டுரை.

லாச்சி விசயம் வெளிவந்த அன்று இரவு நாங்கள் கராஜில் நின்று கதைத்தோம். அவருடைய புகைக்கும் இடம் அது. கதவு முழங்கால் உயரத்துக்குத் திறந்திருக்கும், பக்கத்தில் ஒரு மடக்குக் கதிரை, ஒரு பழைய ரின். நான் வரியைப் பற்றித் தொடங்கியதுமே அவருக்குச் சூடேறியது.

"பொயிலை வித்த காசிலதான் எங்கட ஐயா என்னைப் படிப்பிச்சவர். அந்தக் காசு அப்ப கெட்ட காசில்லையோ? இப்ப ஒட்டாவாவில இருந்துகொண்டு நான் பத்த வைக்கிற ஒவ்வொண்டுக்கும் காசு புடுங்குறாங்கள். நான் எடுக்கிறது பென்சன். பெரிய சம்பளக்காரன் குடுக்கிற அதே வரியை நானும் குடுக்கிறன். இது எந்த ஊர் நியாயம்?"

பொயிலை பற்றி அவர் சொல்வதில் பொய் இல்லை. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் புகையிலைதான் பல குடும்பங்களின் காசுப்பயிர். யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலில் போனது. தென்னிலங்கை ஊர்களில் எங்கட ஆக்கள் நடத்திய 'சுருட்டுக்கடை'கள் பேர் பெற்றவை. பல பேருடைய வீடும் படிப்பும் சீதனமும் அதில்தான் வந்தது. கனடாவுக்கு வந்து எத்தனையோ தமிழர் கொன்வீனியன்ஸ் கடை போட்டபோதும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்த அந்தப் பெட்டிச் சுவர்தான் வியாபாரத்தின் பெரும் பங்கு. புகையிலையை அந்நியப் பொருள் மாதிரிப் பேச எங்களால் முடியாது.

வரி வறியவனுக்குத்தான் கூட உறைக்கும் என்பதும் உண்மை. அதற்கு நான் அன்றைக்குச் சொன்ன பதிலும் முழுப் பதில் இல்லை. "அப்பா, இந்த வரி உங்களுக்காக இல்லை. அவனுக்காக" என்றேன்.

"அப்ப அவனுக்குப் போடுற வேலிக்கு நான் ஏன் காசு குடுக்க வேணும்?"

நல்ல கேள்வி. இப்போது யோசிக்கும்போது எனக்குத் தெரிகிற பதில் இதுதான். ஒரு முதியவரிடம் இப்படி வரி வாங்குகிற நாடு, அவர் விட விரும்பினால் கைகொடுக்கவும் வேணும். அதே கடமை வீட்டுக்கும் உண்டு. அப்பாவுக்கு 2019இல் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்தியர் விடச் சொன்னார். நாங்களும் "விடுங்கோ, விடுங்கோ" என்று சொன்னோம். அப்படிச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பயணத்திலும் ஒரு கார்ட்டன் வாங்கிக் கொடுத்தோம். பாசத்தைக் காட்ட எங்களுக்குத் தெரிந்த வழி அது.

வேலியில் நாங்கள் வைத்த பொட்டுகள்

விலை ஒரு வேலி என்றால், எங்கள் வீடுகளில் அந்த வேலிக்கு எத்தனை பொட்டு இருக்கிறது என்று பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.

முதலாவது, சூட்கேஸ். வெளிநாட்டில் 48 மணி நேரத்துக்கு மேல் இருந்து திரும்புகிறவர் 200 சிகரெட் வரை தன் விலக்குத் தொகைக்குள் கொண்டுவரலாம். இது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் கனடாத் தீர்வை கட்டிய முத்திரை அந்தப் பெட்டிகளில் இல்லாவிட்டால், அந்த 200க்கும் எல்லையில் ஒரு விசேட தீர்வை உண்டு. இது எனக்குத் தெரியாது. 2014 வரவுசெலவுத் திட்டத்திலேயே டியூட்டி ஃப்ரீ சிகரெட்டுக்கு இருந்த சலுகையை எடுத்துவிட்டார்கள். 'அளவுக்குள்ளதானே' என்று நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். பிழை என்னுடையது.

இரண்டாவது, பிளாஸ்ரிக் பை. அப்பாவின் நண்பர் ஒருவர் மூலம் அவ்வப்போது பெட்டியும் முத்திரையும் இல்லாத சிகரெட் பையாக வரும். கடை விலையில் சின்னப் பங்குதான் அதன் விலை. இதைப் பற்றிக் கதைக்கும்போது எங்கட ஆக்கள் பூர்வகுடி மக்களைக் குறை சொல்லிவிட்டுப் போவார்கள். அது நியாயமில்லை. பூர்வகுடி மக்கள் தங்கள் ரிசேர்வில் தங்கள் பாவனைக்கு வாங்கும்போது மாகாணப் புகையிலை வரி இல்லை. அது அவர்களுக்குச் சட்டப்படி உள்ள உரிமை. அவர்களில் பல சமூகங்களுக்குப் புகையிலை சடங்குக்குரிய புனிதப் பொருளும்கூட. அந்த உரிமை மார்க்கத்தில் இருக்கிற எங்கள் அப்பாவுக்கு இல்லை. வெளியில் கொண்டுவந்து விற்பவரும் வாங்குகிற நாங்களும்தான் பிழை விடுகிறோம்.

மூன்றாவது பொட்டை ஊரில் கண்டேன். இலங்கையில் 2016இல் அரசு வரியைப் பெரிதாகக் கூட்டியபோது, கூடுதலாக விற்கிற கோல்ட் லீஃப் சிகரெட் ஒன்று 35 ரூபாவிலிருந்து 50 ரூபாவுக்குப் போனது. இப்போது நூறு ரூபாவைத் தாண்டிவிட்டது. ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் சித்தப்பாவோடு கடைக்குப் போனேன். முன்பு கோல்ட் லீஃப் பிடித்தவர் பீடிக் கட்டு வாங்கினார். "சிகரெட் இப்ப பணக்காரன்ர சாமான்" என்றார். ஆனால் கடைக்கு வந்த பெடியன் ஒருவன் "ஒண்டு தாங்கோ" என்று ஒற்றைச் சிகரெட் வாங்கிக்கொண்டு போனான். கனடாவில் 20க்குக் குறைந்த சிகரெட் கொண்ட பெட்டி விற்க முடியாது. அதனால் இங்கே ஒரு பிள்ளைக்கு முதல் சிகரெட்டின் விலை ஒரு முழுப் பெட்டியின் விலை. அங்கே ஒரு சிகரெட்டின் விலை மட்டும்தான். ஒரு கதவுக்குப் பூட்டுப் போட்டு மற்றக் கதவை விட்டால் ஆட்கள் மற்றக் கதவால் போவார்கள். சித்தப்பா போனது பீடிக் கதவால்.

அதைத்தான் இங்கே வேப்பிலும் பார்க்கிறோம். சிகரெட் வரி ஏறிக்கொண்டிருந்த காலத்தில் வேப்புக்குத் தனி வரியே இருக்கவில்லை. கூட்டாட்சி அரசு 2022 ஒக்டோபரில்தான் கொண்டுவந்தது. ஒன்ராறியோ 2024 ஜூலை 1ஆம் திகதி அதில் சேர்ந்து, தன் பங்காக அதேயளவு வரியைப் போட்டது. மகன் "இருபது, முப்பது டொலர் சொல்றாங்கள்" என்று பின்வாங்கியது அதற்கு இரண்டு மாதத்துக்குள். அந்த வரிதான் அவனைத் தடுத்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் விலைதான் தடுத்தது என்று அவனே சொன்னான்.

சாப்பாட்டு மேசையில்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேரும் இருந்து கதைத்தோம். பேசி அடக்குவதென்று நான் தொடங்கவில்லை. பதினாலு வயதில் நான் எப்படித் தொடங்கினேன் என்று மகனுக்கு முதல் தடவையாகச் சொன்னேன். விலை பாதியான கதை, விளம்பரத்தாள் காசு, மூன்று தடவை விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்தது எல்லாம். பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது ஒட்டாவாவும் ஒன்ராறியோவும் வரியைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தன. சில்லறை எண்ணி எண்ணி அரைப் பெட்டியாகக் குறைத்ததும் சொன்னேன். கடைசியில் அவன் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதுதான் ஒரேயடியாக விட்டேன் என்றபோது அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் எழும்பிப் போய், மிச்சம் இருந்த எட்டுப் பெட்டியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இதை எங்கேயும் கொண்டுபோய்க் குடுக்காத. நீயே உடைச்சுக் குப்பையில போடு" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "அப்பப்பா செய்யிறதையெல்லாம் செய்யக்கூடாது" என்றார்.

மகன் திருப்பிக் கேட்டான், "அப்ப அப்பப்பா ஏன் செய்யிறீங்கள்?"

அதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. அம்மா தேத்தண்ணி போட எழும்பினார்.

அடுத்த கிழமை நான் அப்பாவை எங்கள் மருந்துக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்ராறியோவில் புகைத்தலை விடுவதற்கான சில மாத்திரைகளை மருந்தாளரே எழுதித் தரலாம் என்பது அங்கேதான் எனக்குத் தெரியவந்தது. குடும்ப வைத்தியர் குழுக்கள் பலவற்றில் காம்எச் என்கிற அடிமைப்பழக்க, மனநல மருத்துவமனையின் 'ஸ்டொப்' திட்டம் வழியாக நிக்கொட்டின் பட்டியும் கம்மும் இலவசமாகவே கிடைக்கும். 811 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் மாகாணத்தின் உதவிகள் எங்கே என்று சொல்வார்கள். இதெல்லாம் எத்தனையோ வருசமாக இருக்கிறது. கார்ட்டன் எங்கே மலிவு என்று தெரிந்த எங்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அப்பாவுக்குக் கையில் ஒட்டுகிற பட்டி கொடுத்தார்கள். முதல் இரண்டு கிழமையும் வீட்டில் ஒருவரும் நிம்மதியாக இருக்கவில்லை. ரீவி சத்தம் கூட, சோறு குழைஞ்சு போச்சு, நான் கார் ஓடுவது பிழை. எல்லாவற்றுக்கும் கோபம். அம்மா ஒரு நாள் மெதுவாக, "பேசாமல் ஒண்டைப் பத்த விடடா" என்றுகூடச் சொன்னார்.

அவர் முழுதாக விட்டுவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. நாளுக்குப் பதினைந்து பிடித்தவர் இப்போது நாலு, ஐந்தில் நிற்கிறார். கடையில், முழு விலைக்கு, ஒரு பெட்டியாக வாங்குகிறார். பிளாஸ்ரிக் பை வருவதில்லை. பெட்டியைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். விலையைப் பற்றி ஒவ்வொரு தடவையும் திட்டுகிறார். திட்டிவிட்டு, நாலு நாளைக்கு அதை வைத்துச் சமாளிக்கிறார்.

எங்களைப் போன்ற வீடுகளுக்கு

இங்கே பிறந்த, அல்லது என்னைப் போலச் சின்ன வயதில் வந்த பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான்.

பெரியவர்களுக்கு அன்பளிப்பாகச் சிகரெட் கொண்டுவருவதை நிறுத்துங்கள். போகிற வருகிற மாமா, சித்தப்பாமாரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் கட்டாயம் கொண்டுவருவார்கள்.

வீட்டில் புகைபிடிக்கிற பெரியவர் இருந்தால், சிகரெட் எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். மருந்து மாத்திரையைப் பிள்ளைக்கு எட்டாமல் வைக்கிறோம். இதை வைப்பதில்லை.

பிள்ளையிடம் கதைக்கும்போது புற்றுநோய்ப் படத்தில் தொடங்காதீர்கள். அதைப் பள்ளிக்கூடத்திலும் பெட்டியிலும் பார்த்துப் பார்த்து அவர்களுக்குப் பழகிவிட்டது. "வேப் என்ன விலை போகுது?" என்று கேளுங்கள். பிள்ளைக்கு விலை சரியாகத் தெரிந்தால் கதை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது உங்களுக்கு விளங்கும்.

ஒட்டாவா வரியைக் கூட்டும்போது "காசு புடுங்குறாங்கள்" என்று பிள்ளைக்கு முன்னால் பெரியவர்களோடு சேர்ந்து நாங்களும் சொல்லுவோம். நானும் சொன்னவன்தான். அடுத்த தடவை, அது ஏன் கூட்டப்படுகிறது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முடிக்கும் முன் ஒன்று. நத்தார் விடுமுறைக்குப் பாரிசிலிருந்து தங்கச்சி குடும்பமாக வந்திருந்தாள். புறப்படும் முதல் நாள் போன் எடுத்து, வழக்கம்போல, "அப்பாவுக்கு ஒரு கார்ட்டன் எடுத்துக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நான் வாய் திறக்க முதல் அப்பா போனுக்குக் கிட்ட வந்தார்.

"வேண்டாம் பிள்ளை. உவன் பெடியனுக்குச் சொக்லேட் கொண்டா" என்றார். பிறகு ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போனார்.